கிளி எடுத்த சீட்டும் நான் எடுத்த சீட்டும்

கடந்த ஆண்டு அக்டோபர் மாதம். பருவத் தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருந்தன. இரவு பதினொன்றரை மணிக்கு என் விடுதி அறைக் கதவைத் தோழி தட்டினாள். அவள் கையில் இரண்டு பபள் டீ. ஒன்று எனக்கு. அதுதான் என் கட்டணம்.

“சீட்டு எடுக்கிறியா?” என்றாள்.

நான் டாரட் அட்டை பார்ப்பேன் என்பது எங்கள் மாடியில் எல்லாருக்கும் தெரியும். முதலாம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் இணையத்தில் ஓர் அட்டைக்கட்டு வாங்கினேன். காணொளிகளைப் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். ‘படிப்பது புள்ளியியல், பார்ப்பது குறி’ என்று அண்ணன் இன்றும் கேலி செய்வான். பெரிய நம்பிக்கையோடு ஒன்றும் நான் தொடங்கவில்லை. படங்கள் அழகாக இருந்தன, அவ்வளவுதான். ஆனால் அட்டைகளை விரித்து உட்கார்ந்தால், மின்தூக்கியில் பார்த்தும் பேசாமல் போகிறவர்கள்கூட எதிரில் வந்து அமர்ந்து மனத்தில் உள்ளதைச் சொன்னார்கள். கூச்ச சுபாவம் கொண்ட எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

தேர்வைப் பற்றியோ வேலையைப் பற்றியோ கேட்க வருபவர்கள் குறைவு. அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா, அவன் ஏன் பதில் அனுப்பவில்லை, பழைய காதலி திரும்பி வருவாளா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் இதே தீவில், சில பெருவிரைவு ரயில் நிலையங்களுக்கு அப்பால் இருப்பார். அவரிடம் கேட்காமல் என்னிடம் கேட்பார்கள்.

தோழியின் கேள்வி சற்று வேறுவிதமாக இருந்தது. “அவன் மாறிடுவானா?”

மூன்று அட்டைகள் எடுத்தோம். கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம். முதலாவது எது என்று இப்போது நினைவில்லை. இரண்டாவது ‘எட்டு வாள்’. கண்ணைக் கட்டி, உடலையும் கயிற்றால் சுற்றி ஒரு பெண் நிற்கிறாள். அவளைச் சுற்றித் தரையில் எட்டு வாள்கள் குத்தி நிற்கின்றன. மூன்றாவது ‘இரண்டு கோப்பை’. ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று கோப்பைகளைப் பரிமாறிக்கொள்ளும் படம். காதல் கேள்விக்கு இதைவிட நல்ல அட்டை கிடையாது என்று எல்லாக் கையேடுகளும் சொல்லும்.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தவை இவை. இருபத்து நான்கு மணி நேரமும் தான் இருக்கும் இடம் தன் கைப்பேசியில் தெரிய வேண்டும் என்று அவளுடைய காதலன் கேட்டிருந்தான். தினமும் இரவு காணொளி அழைப்பில் அவள் தன் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். எங்கள் கலை நிகழ்ச்சியில் குறவஞ்சி நாட்டிய நாடகத்தில் அவள்தான் குறத்தி. பயிற்சி இரவு பத்து மணிவரை நீள்கிறது என்பதால் அதிலிருந்து விலகிவிட்டாள். நான் அட்டைகளை விரித்துப் பேசிக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தில், மெத்தைமேல் கிடந்த அவள் கைப்பேசி ஆறு முறை ஒளிர்ந்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும், எட்டு வாள் அட்டையைக் காட்டி, “இது பாட அழுத்தம்” என்றேன். இரண்டு கோப்பையைக் காட்டி, “எல்லாம் சரியாயிடும், கொஞ்சம் பொறுமையா இரு” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வாரங்கள் ஆயின. நல்ல சேதி சொல்கிறவளைத் தேடித்தான் எல்லாரும் மறுபடியும் வருவார்கள்.

அட்டை எனக்கு உண்மையைக் காட்டியது, நான் மறைத்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. 78 அட்டைகளில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் உண்டு. வேறு எந்த மூன்று வந்திருந்தாலும் அதே கதையைத்தான் சொல்லியிருப்பேன்.

டாரட் அட்டைகளுக்கு மந்திரப் பின்னணி எதுவும் கிடையாது என்று தெரிந்தால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் அவை வெறும் சீட்டு விளையாட்டுக்காகவே உருவாயின. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் அவற்றை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் பரவியது. பண்டைய எகிப்தின் ஞானம் அவற்றில் ஒளிந்திருக்கிறது என்று 1781ல் ஒரு பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனாலும் கதை நிலைத்துவிட்டது. நாம் இன்று அதிகம் பார்க்கும் படங்கள் 1909ல் லண்டனில் வெளிவந்தவை. வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். ஆனால் அந்த அட்டைக்கட்டு நெடுங்காலம் பதிப்பாளர் பெயராலும் அவரை வரையச் சொன்ன ஆர்தர் வெயிட் பெயராலும் ‘ரைடர்-வெயிட்’ என்றே அழைக்கப்பட்டது. வரைந்தவரின் பெயர் அதில் இல்லை. இதுவும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

நவம்பரில், தேர்வுக்கு முந்திய வாரம், தோழி நூலகத்தில் கைப்பேசியை ஒலியின்றி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் படித்திருக்கிறாள். வெளியே வந்தபோது காதலன் விடுதி வாசலில் நின்றான். எல்லார் முன்னிலையிலும் கத்தினான். அவள் கைப்பேசியைப் பிடுங்கித் தரையில் எறிந்தான். காவலாளி வந்த பிறகுதான் போனான்.

அன்றிரவு அவள் என் அறையில்தான் படுத்தாள். “ஏன்டி இத்தனை நாள் பொறுத்துக்கிட்ட?” என்று கேட்டேன்.

“நீதானே சொன்ன, பொறுமையா இருன்னு.”

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு தேக்காவுக்குப் போனேன். காய்கறி வாங்கி, உணவங்காடி நிலையத்தில் தோசை சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததைச் சொன்னேன். நான் சீட்டுப் பார்க்கிறேன் என்பது அதுவரை பாட்டிக்குத் தெரியாது. திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

“உன் கொள்ளுப்பாட்டி கிளிகிட்ட மூணு தடவை சீட்டு எடுக்க வச்ச கதை உனக்குத் தெரியாதா?” என்றார்.

சிராங்கூன் சாலையின் ஐந்தடிப் பாதைகளில் கிளி சோதிடர்கள் உட்கார்ந்திருந்ததைப் பாட்டி நன்றாக நினைவில் வைத்திருக்கிறார். ஒரு சிறு மேசை, ஒரு கூண்டு, வரிசையாக அடுக்கிய உறைகள். பெயரைக் கேட்டுவிட்டுச் சோதிடர் கூண்டைத் திறப்பார். கிளி நடந்து வந்து, அலகால் சில உறைகளை ஒதுக்கி, ஒன்றை எடுத்துக் கொடுக்கும். நெல்மணி ஒன்றை வாங்கிக்கொண்டு தானே கூண்டுக்குள் போய்விடும். உறைக்குள் சாமி படம் போட்ட சீட்டு இருக்கும். அதை வைத்துச் சோதிடர் பலன் சொல்வார். 27 நட்சத்திரங்களுக்கு 27 சீட்டுகள் என்பது ஒரு கணக்கு.

எங்கள் தலைமுறைக்குக் கிளி சோதிடம் என்றால் நினைவுக்கு வரக்கூடியது ‘மணி’ மட்டும்தான். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது லிட்டில் இந்தியாவைச் சேர்ந்த அந்தக் கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கின் முடிவுகளையும் சரியாகச் சொல்லி உலகச் செய்திகளில் வந்தது. ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்பதும் பலித்தது. இறுதியாட்டத்தில் நெதர்லாந்து என்று சீட்டு எடுத்தது, ஸ்பெயின் வென்றது. நான்கு ஆட்டங்களைக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 16ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று பாட்டியிடம் விளக்கினேன். “அது பாவம், பச்சைக்கிளி” என்றார். தமிழ்நாட்டில் இந்தத் தொழில் மங்கி வருவதற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தக் கிளிகளைக் கூண்டில் வைத்திருப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் ஒரு வேட்பாளர் வெல்வார் என்று கிளி சீட்டு எடுத்த காணொளி பரவியதும், வனத்துறையினர் வந்து கிளிகளைக் கொண்டுபோனார்கள். அந்த வேட்பாளரும் தோற்றுவிட்டார்.

பாட்டியின் கதைக்கு வருகிறேன். அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. தாய்மாமன் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை பதினான்கு வயது மூத்தவர், குடிப்பழக்கம் உள்ளவர். பாட்டிக்குப் பிடிக்கவில்லை. கொள்ளுப்பாட்டிக்கும் பிடிக்கவில்லை. ஆனால் தாய்மாமன் கொண்டுவந்ததை வேண்டாம் என்று இரண்டு பெண்களும் வாய் திறந்து சொல்ல முடியாது. கொள்ளுப்பாட்டி மகளை அழைத்துக்கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போனார்.

கிளி முதலில் எடுத்தது வள்ளி தெய்வானையோடு முருகன். “அமோகமான சீட்டு, உடனே முகூர்த்தம் பாருங்க” என்றாராம் சோதிடர். கொள்ளுப்பாட்டி மறுபடியும் காசு வைத்தார். இரண்டாவது சீட்டில் லட்சுமி. மறுபடியும் காசு வைத்தார். மூன்றாவதில் படமெடுத்த நாகம் வந்தது.

“அம்மா முந்தானையை உதறிக்கிட்டு எழுந்திருச்சாங்க. வீட்டுக்குப் போயி, கிளி வேணாம்னு சொல்லிருச்சு, சாமி குத்தம் ஆயிடும்னாங்க. மாமா வாயைத் திறக்கல. முதல் ரெண்டு சீட்டைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தாத்தாவைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போது கிளியிடம் போகவில்லையாம்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குத் தொடக்கக் கல்லூரித் தமிழ் இலக்கிய வகுப்பு நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. சங்க அகப்பாடல்களில் காதலால் மகள் மெலிவாள். காரணம் தெரியாத தாய், நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியையோ கழங்கு போட்டுப் பார்க்கும் வேலனையோ அழைப்பாள். முருகன் அணங்கிவிட்டான் என்று அவர்கள் சொல்வார்கள். மகளுக்கும் தோழிக்கும் உண்மைக் காரணம் தெரியும். குறுந்தொகையின் 23ஆம் பாடல், ஔவையார் பாடியது. அதில் குறி சொல்லும் அகவன் மகள் பல மலைகளைப் பாடிக்கொண்டு வருகிறாள். தலைவனுடைய மலையைப் பாடியதும் தோழி, அந்தப் பாட்டையே மறுபடியும் பாடு என்கிறாள். காதலன் யார் என்று தாய்க்குப் புரிய வைக்க அதுவே போதும். வகுப்பில் படித்தபோது இதன் நயம் பற்றிக் குறிப்பு எழுதி மதிப்பெண் வாங்கினேன். அந்தத் தோழி குறியை நம்பவில்லை, பயன்படுத்திக்கொண்டாள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கொள்ளுப்பாட்டிக்குக் குறுந்தொகை தெரியாது. ஆனால் அவர் செய்ததும் அதேதான். சொல்ல முடியாத சொல்லை இன்னொரு வாய் வழியாகச் சொன்னார்கள்.

குற்றாலக் குறவஞ்சியிலும் அப்படித்தான். வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறத்தி சிங்கி சொல்லும் குறி, வசந்தவல்லியின் மனத்தில் ஏற்கெனவே இருப்பது. குறத்தி வேடத்திலிருந்துதான் என் தோழி விலகியிருந்தாள்.

நான் செய்தது இவற்றில் எதுவும் இல்லை. அவளுக்கு வாய் இருந்தது, எனக்கும் இருந்தது. இரண்டையும் அட்டைகளால் மூடிவிட்டேன்.

டாரட் ஏன் ‘பலிக்கிறது’ என்பதற்கு உளவியலில் ஒரு பழைய சோதனை உண்டு. விருப்பப் பாடமாக எடுத்த உளவியல் வகுப்பில் படித்தேன். 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவைக் கொடுத்து, அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26. அவர் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள்! பெரும்பாலான வாசகங்கள் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ‘வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுகிறவர் நீங்கள்’ என்பது போன்ற வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? நானும் அப்படித்தான் தொடங்குவேன். பிறகு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன். நகத்தைக் கடித்தால் ஒரு பலன், பெருமூச்சு விட்டால் ஒரு பலன். இதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைத்திருந்தேன். இவ்வளவு கவனிக்கத் தெரிந்தவள், கவனித்ததை நேராகச் சொல்லாததுதான் வேதனை.

டிசம்பரில் தோழி மறுபடியும் கேட்டாள். காதலன் மன்னிப்புக் கேட்டு, புதுக் கைப்பேசியும் வாங்கித் தந்திருந்தான். “ஒரே ஒரு தடவை எடு. விட்டுடவா, வேணாமா?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அட்டைக்கட்டை எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தபோது, இடிந்து விழும் ‘கோபுரம்’ அட்டையை மேலே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அது எளிது. அவள் நம்புவாள். கொள்ளுப்பாட்டி செய்ததுதானே? ஆனால் கொள்ளுப்பாட்டி ஏமாற்றியது தடுக்க வந்தவரை. நான் ஏமாற்றப் போவது இவளை. அதுவும், அட்டைக்காக அவனை விட்டவள், அடுத்த மாதம் வேறொருவர் நல்ல அட்டை காட்டினால் திரும்பிப் போகமாட்டாள் என்று என்ன நிச்சயம்?

78 அட்டைகளையும் படம் தெரியும்படி அவள் கையில் கொடுத்தேன். “உனக்கு எது வேணுமோ நீயே எடு” என்றேன்.

முதலில் சிரித்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு கோப்பையை வெளியே எடுத்துவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை மறுபடியும் உள்ளே செருகினாள். கடைசியில் எட்டு வாளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். நானும் இந்த முறை விளக்கம் சொல்லவில்லை. சொல்ல நினைத்ததை மட்டும் சொன்னேன்: “அவனை நினைச்சா எனக்குப் பயமா இருக்குடி. அக்டோபர்லயே சொல்லியிருக்கணும்.”

அவள் அழுதாள். பேசினாள். எனக்குத் தெரியாத பலவற்றைச் சொன்னாள். அவற்றை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. மணி மூன்றாகிவிட்டது. மறுநாள் காலை இருவரும் பல்கலைக்கழக ஆலோசகரைப் பார்க்கப் போனோம். நான் வெளியே காத்திருந்தேன். ஆலோசகர் எதிர்காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நிறையக் கேள்விகள் கேட்டாராம்.

அவனிடமிருந்து அவள் ஒரே நாளில் விலகிவிடவில்லை. பிப்ரவரிவரை ஆனது. நடுவில் ஒருமுறை திரும்பியும் போனாள். குறத்தி வேடம் அதற்குள் வேறொருத்திக்குப் போய்விட்டது. தோழி இப்போது ஒப்பனைக் குழுவில் இருக்கிறாள். அட்டைக்கட்டை நான் எரிக்கவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. பமேலாவின் படங்கள் இன்னும் எனக்குப் பிடிக்கும். யாராவது கதவைத் தட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னால் மைலோ கலக்கிக் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்கிறேன். சிலருக்கு அது பிடிப்பதில்லை. மைலோவை மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தக் கட்டுரையை அனுப்புவதற்கு முன் தோழியிடம் படிக்கக் கொடுத்து அனுமதி கேட்டேன். முழுதும் படித்தாள். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாள். அன்றிரவு அவள் கைப்பேசி ஆறு முறை ஒளிர்ந்தது என்று எழுதியிருந்தேன் அல்லவா?

“பதினாலு” என்றாள். “நீ பேசிக்கிட்டிருந்தப்ப நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்.”